வில்லையை எடுத்தவர்களும் வில்லையை வைத்தவர்களும்

ஒரு துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள் அனைவரும் உண்மையென்று ஏற்றுக்கொண்டு, அவ்வாறு ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்ட ஓர் எடுகோள், அத்துறையின் வளர்ச்சியைப் பல தலைமுறைகளுக்குத் தடுத்து நிறுத்திவிடக்கூடும். எடுகோள் என்பது, நிறுவப்படாமலேயே ஒரு செயலுக்கோ வாதத்துக்கோ அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படும் கருத்து. வழக்கத்துக்கு மாறான சிந்தனை என்று போற்றப்படுவதைக் கூர்ந்து ஆராய்ந்தால், இத்தகைய எடுகோள் ஒன்றை அடையாளம் கண்டு, அது இயற்கை விதித்த எல்லையா, மனிதர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட பழக்கமா என்று கேட்கும் துணிவே அதன் உட்பொருளாக இருப்பது புலப்படும். கண்புரை அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் வரலாறுகள் மிகச் சிலவே. லண்டனில் தொடங்கி, நியூயார்க் வழியாக மதுரைக்கு வந்து சேரும் அந்த வரலாற்றில், ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு எடுகோள் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அதை வீழ்த்தியவர்கள் தம் காலத்து அறிஞர்களின் ஐயத்தையும் சில வேளைகளில் ஏளனத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கண்மணியைச் சூழ்ந்துள்ள வண்ணப் படலத்துக்குப் பின்னால், மெல்லிய உறை ஒன்றுக்குள், ஒளியை விழித்திரையில் குவிப்பதற்கென ஒரு வில்லை இருக்கிறது. புரதங்களால் ஆன அந்த வில்லை இளமையில் பளிங்கு போலத் தெளிவாக இருப்பதற்கு, அப்புரத மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதே காரணம். வயது ஏற ஏற, முட்டையின் வெண்கரு சூட்டில் வெளுத்துப்போவதைப் போல, அப்புரதங்கள் திரண்டு ஒளி ஊடுருவ முடியாத நிலையை அடைகின்றன. இதுவே கண்புரை. உலகில் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் இன்றளவும் இதுதான். இதை மருந்தால் கரைக்க இயலாது. மங்கிய வில்லையை ஒளியின் பாதையிலிருந்து அகற்றுவது ஒன்றே வழி.

அகற்றும் முயற்சி மிகப் பழமையானது. சுசுருதரின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல், கூரிய கருவியொன்றைக் கண்ணுக்குள் செலுத்திப் புரையைப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறையை விவரிக்கிறது. வில்லை கண்ணுக்குள்ளேயே, கீழே ஒதுக்கித் தள்ளப்பட்டுக் கிடக்கும் இந்த முறை, பல நாடுகளில் பல நூற்றாண்டுகளாக வழக்கில் இருந்தது. 1747-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் தவியேல், வில்லையைத் தள்ளிவிடுவதற்குப் பதிலாகக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கத் தொடங்கியபோது புதிய காலம் பிறந்தது. தமிழகத்திலும் இத்துறையில் ஆர்வம் தழைத்திருந்தது என்பதற்கு, தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளைப் பற்றி, கண்களின் படங்களுடன் எழுதிவைக்கச் செய்த குறிப்புகள் சான்றாக நிற்கின்றன.

தவியேலுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் அறுவை மருத்துவர்களின் கவனம் முழுவதும் வில்லையை எவ்வாறு பாதுகாப்பாக எடுப்பது என்பதிலேயே குவிந்திருந்தது. எடுத்த பின் நேர்வதைப் பற்றி எவரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. வில்லை இல்லாத கண்ணால் ஒளியைக் குவிக்க முடியாது. அக்குறையை ஈடுசெய்ய, தமிழகத்தில் சோடாப்புட்டிக் கண்ணாடி என்று மக்கள் அழைத்த மிகத் தடித்த மூக்குக் கண்ணாடி வழங்கப்பட்டது. அதன் வழியே பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிந்தன. கதவு நிலைகளும் தூண்களும் வளைந்து தோன்றின. பார்வைப் பரப்பின் ஓரத்தில் வட்டமாக ஒரு குருட்டுப் பகுதி இருந்ததால், பக்கவாட்டில் வருபவர்கள் திடீரெனத் தோன்றி மறைந்தனர். படியிறங்கவும் குவளையில் நீர் ஊற்றவும் முதியவர்கள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்தால், இரு கண்களும் காட்டும் படங்களின் அளவு வேறுபடுவதால் மூளையால் அவற்றை ஒன்றிணைக்க இயலவில்லை. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ, அறுவை நன்கு நடந்த மனிதரும் மீண்டும் பார்வையற்றவராகவே வாழ நேர்ந்தது. இத்தனை குறைகளுக்கு இடையிலும் இச்சிகிச்சை வெற்றியென்றே கருதப்பட்டது, ஏனெனில் புரையை நீக்குவதே மருத்துவரின் கடமை என்று கேள்வி வகுக்கப்பட்டிருந்தது. வகுக்கப்பட்ட கேள்விக்கு அது சரியான விடையாகவும் இருந்தது.

எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொரு வில்லையை வைத்தால் என்ன என்ற எண்ணம் ஏன் வலுப்பெறவில்லை என்றால், கண்ணுக்குள் புறப்பொருள் எதுவும் தங்கக்கூடாது என்பது கண் மருத்துவத்தின் அசைக்க முடியாத நெறியாக இருந்தது. இரும்புத் துகளோ மரச்சிராயோ உள்ளே நுழைந்தால் கண் சிவந்து, சீழ்பிடித்து, பார்வை போய்விடும் என்பதை ஒவ்வொரு மருத்துவரும் தம் கண்ணெதிரே கண்டிருந்தனர். எனவே புறப்பொருளை வெளியே எடுப்பதற்கே அவர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள். தாமே ஒன்றை உள்ளே வைப்பது என்பது அவர்கள் கற்ற அனைத்துக்கும் எதிரானது.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலும் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையிலும் பணியாற்றிய ஹெரால்டு ரிட்லி (1906–2001), இந்த நெறியின் ஓரத்தில் இருந்த ஒரு விதிவிலக்கைக் கவனித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் போர் விமானங்களின் விமானியறை மேற்கூரை, பெர்ஸ்பெக்ஸ் என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட, பாலிமெதில் மெதக்ரிலேட் என்னும் ஒளி ஊடுருவும் நெகிழியால் செய்யப்பட்டிருந்தது. எதிரியின் குண்டு பட்டு மேற்கூரை சிதறும்போது அதன் துண்டுகள் விமானிகளின் கண்களில் பாய்ந்தன. 1940 ஆகஸ்டில் அவ்வாறு காயமுற்ற கார்டன் கிளீவர் என்ற விமானி உள்ளிட்டவர்களைப் பின்னர் பரிசோதித்த ரிட்லி, கண்ணுக்குள் தங்கிவிட்ட பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளில் பல, கூர்முனை சுற்றியுள்ள திசுக்களை உரசாத வரையில், அழற்சியை உண்டாக்காமல் அமைதியாகக் கிடப்பதைக் கண்டார். அழற்சி என்பது, காயத்தையோ வேற்றுப் பொருளையோ எதிர்த்து உடல் காட்டும் வீக்கமும் சிவப்பும் வலியும் சேர்ந்த எதிர்வினை. புறப்பொருள் அனைத்தையும் கண் வெறுக்கும் என்ற நெறி, உண்மையில் சில புறப்பொருள்களைக் கண் வெறுக்கும் என்ற அளவுக்கே உண்மை என்பது இதனால் தெரியவந்தது.

இந்த அவதானிப்பு பல ஆண்டுகள் பயனின்றியே இருந்தது என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். அதை ஒரு புதுப்புனைவாக மாற்றுவதற்கு இன்னொரு பொறி தேவைப்பட்டது. அது வல்லுநர் ஒருவரிடமிருந்து வரவில்லை. கண்புரை அறுவையை உடனிருந்து பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்றை வைக்க முடியாமல் இருக்கிறதே என்று வருத்தத்துடன் குறிப்பிட்டதாக ரிட்லி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். துறையின் நெறிகளை முழுமையாக உள்வாங்கியிராத ஒருவருக்கே அந்தக் குறை குறையாகத் தென்பட்டது. ரிட்லியின் பெருமை, அக்கேள்வியைப் புன்னகையுடன் ஒதுக்கிவிடாமல், தாம் ஏற்கெனவே கண்டிருந்த விமானிகளின் கண்களோடு அதை இணைத்துப் பார்த்ததில் இருக்கிறது.

ஒரு பொருளை அதன் வழக்கமான பயனோடு மட்டுமே பிணைத்துப் பார்க்கும் மனப்போக்கை, ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டுங்கர் ஆராய்ந்து, செயற்பாட்டு நிலைப்பு என்று தமிழில் சொல்லத்தக்க கருத்தால் விளக்கினார். ஒரு மெழுகுவத்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள் ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகு கீழே சிந்தாதபடி மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்துமாறு அவர் வகுத்த சோதனை புகழ்பெற்றது. குத்தூசிகளைக் கொட்டிவிட்டு, வெற்றுப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதைத் தாங்கியாகப் பயன்படுத்துவதே விடை. ஊசிகள் நிறைந்த நிலையில் பெட்டியைக் கொடுத்தபோது பலர் தடுமாறினர். ஊசிகளை வெளியே வைத்து, பெட்டியைக் காலியாகக் கொடுத்தபோது விடை எளிதாகக் கிடைத்தது. பெட்டி மாறவில்லை, அது எதற்கானது என்ற முன்முடிவு மட்டுமே தளர்ந்தது. விமானத்தின் மேற்கூரை மருத்துவப் பொருளாக ரிட்லிக்குத் தோன்றியதும் இவ்வகைத் தளர்வே. காயப்படுத்திய பொருளிலிருந்தே குணப்படுத்தும் பொருளை எடுத்துக்கொண்ட அச்செயல், மருத்துவ வரலாற்றில் மிக அழகானவற்றுள் ஒன்று.

எண்ணத்திலிருந்து கருவிக்குப் போகும் வழி எளிதாக இருக்கவில்லை. ரேய்னர் நிறுவனத்தின் ஒளியியலாளர் ஜான் பைக்கின் துணையுடன், தொழிற்சாலைக் கலப்புகள் நீக்கப்பட்ட தூய பெர்ஸ்பெக்ஸ் பெறப்பட்டு, அதிலிருந்து வில்லை கடைந்தெடுக்கப்பட்டது. 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண்ணொருவருக்கு முதல் அறுவை நடந்தது. ரிட்லி இயற்கை வில்லையின் வளைவை ஏறத்தாழ அப்படியே பின்பற்றியதால், கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் ஒளியை எதிர்பார்த்ததைவிட வலுவாக வளைத்துவிட, அந்நோயாளி கடுமையான கிட்டப்பார்வை உடையவரானார். வில்லை கண்ணுக்குள் அமைதியாகத் தங்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதன் அளவு பிழைத்தது. அடுத்தடுத்த வில்லைகளில் கணக்கு திருத்தப்பட்டது. எதிர்ப்பை முன்கூட்டியே உணர்ந்திருந்த ரிட்லி, தம் பணியை 1951 வரை வெளியிடாமல் வைத்திருந்து, ஆக்ஸ்போர்டில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் வெளிப்படுத்தினார். அக்காலத்துப் பிரிட்டனின் கண் மருத்துவப் பேரறிஞரான ஸ்டூவர்ட் டியூக்-எல்டர், ரிட்லி அழைத்துவந்திருந்த நோயாளிகளைப் பரிசோதித்துப் பார்க்கவும் மறுத்துவிட்டார்.

எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ரிட்லியின் வில்லை கனமானது. சில கண்களில் இடம்பெயர்ந்து உள்ளே சரிந்தது. சிலவற்றில் கண்ணழுத்தம் உயர்ந்தது. கணிசமான எண்ணிக்கையில் அவற்றை வெளியே எடுக்க நேர்ந்தது. அதன் பின் 1950-களில் பிறர் வடிவமைத்து, கண்மணியைச் சூழ்ந்த வண்ணப் படலத்துக்கு முன்புறம் பொருத்திய வில்லைகள் இன்னும் கடுமையான தீங்கை விளைவித்தன. அவை கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலத்தின் உட்புற உயிரணுக்களைத் தேய்த்து அழித்ததால், பல நோயாளிகள் பார்வையை இழந்தனர். வழக்கத்துக்கு மாறானது என்ற ஒரே தகுதியால் எந்த எண்ணமும் பயனுள்ளதாகிவிடாது. அதன் விளைவுகளை மறைக்காமல் எண்ணி, அளந்து, திருத்தும் உழைப்புதான் அதைப் பயனுள்ளதாக்குகிறது. இலகுவான வடிவங்கள், வில்லையைத் தாங்கும் மெல்லிய கைகள், அறுவை நுண்ணோக்கி, வில்லையின் இயற்கை உறையைச் சிதைக்காமல் விட்டு அதற்குள்ளேயே செயற்கை வில்லையை அமர்த்தும் முறை ஆகியவை வந்துசேர்ந்த பின்னரே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, ரிட்லியின் எண்ணம் உலகெங்கும் ஏற்கப்பட்டது. 1981-இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில், தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில், ரிட்லிக்குப் பிரிட்டன் அரசு சர் பட்டம் வழங்கியது. தமக்கே கண்புரை வந்தபோது, தாம் முதல் வில்லையை வைத்த அதே மருத்துவமனையில் அவர் வில்லை பொருத்திக்கொண்டார்.

இதற்கிடையில் அட்லாண்டிக் கடலின் மறுகரையில் வேறொரு எடுகோள் ஆட்டங்கண்டது. வில்லையை முழுதாக வெளியே எடுக்க வேண்டுமானால், அது வெளிவரும் அளவுக்குக் கண்ணைக் கீற வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. பத்து மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட அக்கீறல் ஆறுவதற்காக, நோயாளிகள் தலையை அசைக்காமல், இருபுறமும் மணல் மூட்டைகள் வைக்கப்பட்டு, நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தனர். நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் கெல்மன் (1930–2004), வில்லையை உள்ளேயே உடைத்துவிட்டால் சிறு துளையே போதுமே என்று எண்ணி, ஓர் அறக்கட்டளையின் மூன்றாண்டு நிதியுதவியுடன் துளைக்கருவிகளையும் சுழலும் கத்திகளையும் சோதித்துப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை, சுழலும் கருவி எதுவாயினும் வில்லையையும் சேர்த்துச் சுழற்றிச் சுற்றியுள்ள திசுக்களைக் கிழித்தது. நிதி முடியும் தறுவாயில், பல் மருத்துவரிடம் சென்ற கெல்மன், பல்லின் கறையை அகற்றிய மீயொலிக் கருவியின் நுண்ணிய அதிர்வைத் தம் பல்லிலேயே உணர்ந்தார். மீயொலி என்பது மனிதச் செவிக்குக் கேட்காத அளவுக்கு விரைவாக அதிரும் ஒலி. அவ்வாறு அதிரும் முனை, பல்லை ஆட்டாமல் அதன்மேல் படிந்த கெட்டியான கறையை மட்டும் உடைத்தது என்பதிலேயே கெல்மன் தேடிய விடை அடங்கியிருந்தது. வில்லை நகர்வதற்குள் முனை திரும்பிவிடுமாதலால், அதைச் சுழற்றாமலே பொடியாக்க முடியும். 1967-இல் இம்முறை மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செய்யப்பட்டபோது சில மணி நேரம் பிடித்தது. இன்று தேர்ந்த மருத்துவர் ஒருவர் சில நிமிடங்களில் செய்துமுடிக்கிறார்.

கெல்மனின் வெற்றி உடனே ஒரு முரண்பாட்டைத் தோற்றுவித்தது. புரையை மூன்று மில்லிமீட்டர்த் துளை வழியே உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆனால் ரிட்லியின் வழிவந்த கடினமான செயற்கை வில்லையின் விட்டமோ ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். எடுப்பதற்குப் போதிய துளை, வைப்பதற்குப் போதவில்லை. இத்தகைய முரண்பாடுகளைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர், சோவியத் ஒன்றியத்தின் ஹென்ரிக் அல்ட்ஷுல்லர் (1926–1998). பாக்கூ நகரில் கடற்படையின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றியபோது, ஆயிரக்கணக்கான காப்புரிமைகளை ஒப்பிட்டுப் பார்த்த அவர், சிறந்த புதுப்புனைவுகள் தற்செயலாகப் பிறப்பதில்லை என்றும், ஒன்றை மேம்படுத்தினால் இன்னொன்று கெடும் என்ற முரண்பாட்டை, நடுவழிச் சமரசம் செய்துகொள்ளாமல் முற்றாக நீக்குவதே அவற்றின் பொதுத் தன்மை என்றும் கண்டார். நாட்டில் புதுப்புனைவுகள் நடத்தப்படும் விதத்தைக் குறைகூறி ஸ்டாலினுக்கு எழுதிய கடிதத்தின் விளைவாக 1950-இல் கைதுசெய்யப்பட்டு, வடதுருவ வட்டத்தை ஒட்டிய வொர்குட்டா உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த அவர், 1954-இல் விடுதலையாகி, இரண்டாண்டுகளுக்குப் பின் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். டிரிஸ் என்று ருசியச் சுருக்கப்பெயரால் உலகெங்கும் அறியப்படும் அவருடைய கோட்பாட்டில், முரண்படும் இரு தேவைகளையும் வெவ்வேறு காலத்தில் நிறைவேற்றுவது ஒரு வழி. தீங்கையே நன்மையாக மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. ரிட்லியின் பெர்ஸ்பெக்ஸ் துண்டு இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு. முதலாவதற்கு எடுத்துக்காட்டாக, 1980-களில் தாமஸ் மசோக்கோ உள்ளிட்டோர் சிலிக்கோனால் செய்த மடக்கு வில்லையைக் கூறலாம். உள்ளே நுழையும்போது அது சிறிதாக மடிந்திருக்கிறது. நுழைந்த பின் விரிந்து பெரிதாகிறது. அல்ட்ஷுல்லரின் நூல்களைப் படித்து அவர்கள் இதைச் செய்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை; முரண்பாடு தெளிவாகச் சொல்லப்பட்டவுடன் விடையின் வடிவமும் பாதி தெரிந்துவிடுகிறது என்பதே அவருடைய கோட்பாட்டின் மதிப்பு.

புதுப்புனைவுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். பொருள் கிடைத்தது, கருவி கிடைத்தது, வடிவம் கிடைத்தது. எஞ்சியது பரவல் மட்டுமே என்று கருதுகின்றனர். அது பெரிய தவறு. 1980-களின் இறுதியில் மேலைநாடுகளில் கண்ணுள்வில்லை பொருத்துவது வழக்கமாகிவிட்ட நிலையில், இந்தியச் சிற்றூர்களின் கண் சிகிச்சை முகாம்களுக்கு வந்த ஏழைகள் இன்னும் சோடாப்புட்டிக் கண்ணாடியுடனேயே வீடு திரும்பினர். இறக்குமதியான ஒரு வில்லையின் விலை ஏறத்தாழ நூறு அமெரிக்க டாலர். அவ்விலை வில்லையின் இயல்பு என்றே அனைவரும் எண்ணினர். வளரும் நாடுகளின் பெருந்திரளான நோயாளிகளுக்கு வில்லை பொருந்தாது, கண்ணாடியே போதும் என்று வாதிட்ட வல்லுநர்களும் இருந்தனர். இரண்டு நூற்றாண்டு காலம் மருத்துவத்தை முடக்கிய எடுகோளைவிட இந்த எடுகோள் எவ்விதத்திலும் எளியதன்று. அது தகர்ந்தது மதுரையில்.

அன்றைய திருநெல்வேலிச் சீமையின் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இளமையில் மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். கடுமையான முடக்குவாதம் அவருடைய விரல்களை நிரந்தரமாகக் கோணச்செய்து, அவரை நெடுங்காலம் படுக்கையில் கிடத்தியது. அதிலிருந்து மீண்டு, கண் மருத்துவத்தைத் தேர்ந்து, கோணிய விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தாமே பயின்று, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், தம் உடன்பிறந்தார் குடும்பங்களின் துணையுடன் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு செலுத்த இயலாதோருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் அம்மருத்துவமனையில், வில்லை வந்த பின் ஒரு வேதனையான பிளவு தோன்றியது: செலுத்துவோருக்கு வில்லை, செலுத்தாதோருக்குக் கண்ணாடி. நன்கொடையாக வந்த வில்லைகள் தேவையின் சிறு பகுதிக்கே போதுமானவையாக இருந்தன.

வழக்கமான சிந்தனை, இன்னும் அதிக நன்கொடை திரட்டுவது எப்படி என்று கேட்டிருக்கும். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையோடு தொடர்புடைய டேவிட் கிரீனும் அரவிந்த் குழுவினரும், வில்லையைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்று கேட்டனர். ஒரு வில்லைக்குத் தேவைப்படும் நெகிழியின் அளவு மிகச் சிறிது. விலையின் பெரும்பகுதி மூலப்பொருளில் இல்லை. நுண்ணிய கடைசல், தூய்மை, தரச்சோதனை ஆகியவற்றோடு, சந்தைப்படுத்தலிலும் இலாபத்திலுமே இருந்தது. இந்தத் தெளிவின் அடிப்படையில் 1992-இல் மதுரையில் அரவிந்தின் வில்லைத் தயாரிப்பு நிலையமான ஆரோலேப் நிறுவப்பட்டது. மருத்துவமனை ஒன்று, அதுவும் தொண்டு மருத்துவமனை, உலகத் தரத்தில் கண்ணுக்குள் பொருத்தும் பொருளைத் தயாரிக்க முடியும் என்பதை நம்பத் தயங்கியோர் பலர். அங்கே செய்யப்பட்ட வில்லை ஏறத்தாழ பத்து டாலருக்குக் கிடைத்தது. பின்னர் அவ்விலை மேலும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது அனுப்பப்படுகிறது. நேபாளத்தில் டாக்டர் சண்டுக் ருயித்தின் முயற்சியால் காத்மாண்டுவில் எழுந்த வில்லைத் தொழிற்சாலையும் 1990-களில் இதே பாதையில் சென்றது என்பது, இது ஓர் ஊரின் தனிச்சிறப்பு மட்டுமில்லை, காலம் கனிந்த ஒரு கேள்வி என்பதைக் காட்டுகிறது.

விலை குறைந்தால் மட்டும் போதாது, ஏழைகளின் கண்ணில் வில்லை பாதுகாப்பாகத் தங்குமா என்ற ஐயமும் தீர வேண்டியிருந்தது. மதுரைக் கண்ணுள்வில்லை ஆய்வு என்று அறியப்படும் சோதனையில், இரு கண்களிலும் பார்வை இழந்த சுமார் 3,400 பேர், குலுக்கல் முறையில், வில்லை பொருத்தப்பட்டவர்கள் என்றும் தடித்த கண்ணாடி வழங்கப்பட்டவர்கள் என்றும் இரு பிரிவாக்கப்பட்டு ஒப்பிடப்பட்டனர். வில்லை பாதுகாப்பானது என்பதோடு, அதைப் பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டது என்பதையும் 1998-இல் வெளியான அதன் முடிவுகள் நிறுவின. ரிட்லியின் காலத்தில் பற்றாக்குறையாக இருந்த சான்று, இவ்வாறு இங்கே திரட்டப்பட்டது.

வில்லையை மலிவாக்கியவர்கள் அறுவைக்கூடத்தையும் புதிதாகச் சிந்தித்திருந்தனர். அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில், எங்கு சென்றாலும் ஒரே தரத்தில், ஒரே முறையில், பெருந்திரளுக்கு உணவு வழங்கப்படுவதைக் கண்ட வெங்கடசாமி, பார்வையையும் அவ்வாறு வழங்க முடியும் என்று கருதினார். மருத்துவரின் மிக அரிய வளம் அவருடைய நேரம். அதில் பெரும்பகுதி நோயாளியை ஆயத்தப்படுத்துவதிலும் கருவிகளை மாற்றுவதிலும் கழிகிறது. அரவிந்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு அறுவை மேசைகள் அமைக்கப்பட்டன. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மறுமேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு உடனே அடுத்த அறுவையைத் தொடங்குவார். கிராமத்துப் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று, மருத்துவர் மட்டுமே செய்தாக வேண்டியவை தவிர்ந்த பணிகள் அனைத்தையும் திறம்படச் செய்கின்றனர். இதனால் ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்ய முடிகிறது. இது நாட்டின் பொதுச் சராசரியைப் போலப் பன்மடங்கு. விரைவு என்றால் தரக்குறைவு என்ற எடுகோளுக்கு மாறாக, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யும் கைகள் பிழை குறைந்தவையாகின்றன. இந்த ஒழுங்கமைப்பைப் புதுப்புனைவு என்று அழைக்கத் தயங்குவோர் உண்டு. அதில் காப்புரிமை பெறத்தக்க கருவி எதுவும் இல்லை என்பது அவர்களின் வாதம். இருபது பேருக்குக் கிட்டியதை இருநூறு பேருக்குக் கிட்டச்செய்யும் சிந்தனையை, புதிய கருவியைவிடத் தாழ்வாக மதிப்பதற்கு நியாயமான காரணம் எதையும் காண முடியவில்லை.

கெல்மனின் மீயொலிக் கருவி விலையுயர்ந்தது. அது இல்லாத இடங்களுக்காக வளர்ந்த, கையால் செய்யும் சிறுகீறல் அறுவை முறையில் ஒரு நுட்பம் தனியே குறிப்பிடத்தக்கது. விழியின் வெள்ளைப் பகுதியில் நேராகக் கீறாமல், சாய்வான சுரங்கம் போல வெட்டினால், கண்ணுக்குள் இயல்பாகவே இருக்கும் அழுத்தம் அச்சுரங்கத்தின் உட்சுவரை வெளிச்சுவரோடு அழுத்தி மூடிவிடுகிறது. பெரும்பாலான கண்களுக்குத் தையலே தேவைப்படுவதில்லை. கசிவை உண்டாக்கும் என்று அஞ்சப்பட்ட அழுத்தமே இங்கே காயத்தை மூடும் பணியைச் செய்கிறது. புதிய பொருளைச் சேர்க்காமல், இருக்கும் ஒன்றைக்கொண்டே தேவையை நிறைவேற்றும் இத்தகைய தீர்வுகளையே அல்ட்ஷுல்லர் மிக உயர்வாக மதித்தார்.

இத்தனைக்கும் பின்னரும், இலவச அறுவைக்கு அழைத்தும் பலர் வரவில்லை. காரணம் தேடியபோது, இலவசம் என்ற எண்ணமே ஓர் எடுகோள் என்பது தெரிந்தது. மருத்துவமனை கட்டணம் வாங்காவிட்டாலும், பேருந்துச் செலவும், உணவும், துணைக்கு வரும் மகனோ மகளோ இழக்கும் கூலியும் ஏழைக் குடும்பத்துக்குச் சுமையே. ஆகவே பயணத்தையும் உணவையும் முகாமின் பகுதியாக்கினர். பின்னர், கிராமங்களுக்கு அருகிலேயே சிறு பார்வை மையங்களைத் திறந்து, அங்குள்ள பணியாளர் பரிசோதிப்பதைத் தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியே பார்த்து ஆலோசனை கூறும் ஏற்பாட்டையும் செய்தனர்.

வில்லையின் கதை இன்னும் முடியவில்லை. அறுவைக்குப் பின் விட்டுவைக்கப்படும் இயற்கை உறையின்மேல் எஞ்சிய உயிரணுக்கள் படர்ந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வையை மீண்டும் மங்கச்செய்வது நெடுங்காலச் சிக்கலாக இருந்தது; வில்லையின் பின்விளிம்பை வழவழப்பாக உருட்டாமல் கூர்மையான சதுரமாக விட்டால், அவ்விளிம்பு உறையை அழுத்தி உயிரணுக்களின் பரவலைத் தடுக்கிறது என்பது 1990-களில் தெளிவாகி, அச்சிக்கல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பெரிய குறை ஒன்று எஞ்சியுள்ளது. இளமையின் இயற்கை வில்லை, தொலைவையும் அண்மையையும் பார்ப்பதற்கேற்பத் தன் வளைவை நொடியில் மாற்றிக்கொள்கிறது. செயற்கை வில்லைகளில் பெரும்பாலானவை ஒரே தொலைவுக்கு மட்டுமே பொருந்துவதால், நாளிதழ் படிக்க மூக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. ஒளியைப் பல குவியங்களாகப் பிரித்துத் தரும் வில்லைகள் விற்பனையில் உள்ளன; ஆயினும் ஒளி பங்கிடப்படுவதால், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டங்கள் தெரிவதாகச் சிலர் குறைகூறுகின்றனர். உறைக்குள் நீர்மத்தைக் கொண்டு வளையக்கூடிய வில்லை, கண்ணின் தசை இழுப்புக்கேற்ப நகரும் வில்லை எனப் பல வழிகள் முயலப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று வெற்றிபெற்றாலும், அது நூறு டாலர் வில்லையாகவே நின்றுவிடுமா, மதுரையிலும் காத்மாண்டுவிலும் நடந்ததைப் போல யாரேனும் அதன் உண்மையான செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பார்களா என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே எழும்.